சின்ன ஏர்பிரஷ் கம்ப்ரஸர் மக்கர் செய்தால்: சேலம், ஏற்காடு பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொலு பொம்மைக்கு வண்ணம் அடிப்பவர்கள், பைக் டேங்கில் படம் போடுபவர்கள், ஸ்கேல் மாடல் கட்டுபவர்கள், கேக் அலங்காரம் செய்பவர்கள் என்று ஏர்பிரஷ் பிடிக்கும் கைகள் பலவகை. கம்ப்ரஸர் படுத்துவிட்டால் மட்டும் எல்லோரும் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். அவற்றைக் கேட்டபடியே எழுதி, கீழே பதில் தரப்பட்டுள்ளது.

இங்கே பேசுவது கடையில் ஏ.எஸ்.186 என்ற எண்ணோடு கிடைக்கும் வகையைப் பற்றி. ஆறில் ஒரு பங்கு எச்.பி. மோட்டார், எண்ணெய் இல்லாத ஒற்றைப் பிஸ்டன், 3 லிட்டர் டேங்க், 4 பாரில் (பார் என்பது காற்றழுத்த அளவு) தானாக நின்று 3 பாரில் தானாக ஓடும் பிரஷர் ஸ்விட்ச். வேறு பெயர் ஒட்டி வந்தாலும் உள்ளே இருப்பது பெரும்பாலும் இதேதான். எதைக் கழற்றுவதாக இருந்தாலும் முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள், டேங்க் அடியில் உள்ள திருகைத் திறந்து, அழுத்தம் காட்டும் மீட்டரின் முள்ளைப் பூஜ்யத்துக்குக் கொண்டு வாருங்கள். கீழே தனியாகச் சொல்லாத இடத்திலும் இது பொருந்தும்.

1. சுவிட்ச் போட்டா சத்தமே இல்லீங்க. அவ்வளவுதானா, போச்சா?

முதலில் முள்ளைப் பாருங்கள். டேங்கில் 3 பாருக்கு மேல் காற்று இருந்தால் அது ஓடக் கூடாது. ஓடாமல் இருப்பதுதான் சரி. கொஞ்சம் காற்றை வெளியே விடுங்கள். 3 பாருக்குக் கீழே வந்ததும் ‘டக்’கென்று எடுத்தால் பழுது எதுவும் இல்லை. “செத்துப்போச்சு” என்று தூக்கி வரப்படும் கம்ப்ரஸர்களில் இதுவும் ஒரு வகை.

டேங்க் காலியாக இருந்தும் ஓடவில்லை என்றால் அதே பிளக் பாயின்டில் வேறு ஏதாவது போட்டுப் பாருங்கள். கரண்ட் வருகிறது என்றால் அடுத்த சந்தேகம் பிரஷர் ஸ்விட்ச். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஸ்விட்ச் மூடியைக் கழற்றி, மல்ட்டிமீட்டரை ‘பீப்’ நிலையில் வைத்து இரண்டு முனைகளையும் தொடுங்கள். டேங்க் காலியாக இருக்கும்போது பீப் வர வேண்டும். வரவில்லை என்றால் உள்ளே இருக்கும் பாயின்ட் கருகியிருக்கும். லேசான கரிக்கு மெல்லிய உப்புத்தாள் போதும். குழி விழுந்திருந்தால் ஸ்விட்சையே மாற்றுங்கள். ஸ்விட்ச் நன்றாக இருந்து மோட்டார் சூடாக இருந்தால் அடுத்த கேள்விக்குப் போங்கள்.

2. வேலை பாதில இருக்கும்போது நின்னுடுது. அரை மணி நேரம் கழிச்சு தானா ஓடுது. பேய் பிடிச்ச மாதிரி இருக்கு.

மோட்டார் வைண்டிங்கில் சூடு தாங்காமல் வெட்டிவிடும் ஒரு சிறு பாதுகாப்பு இருக்கிறது. சூடு இறங்கியதும் அதுவே மறுபடி இணைத்துக்கொள்ளும். அதனால், நின்றவுடன் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள்; கையை உள்ளே விட்டிருக்கும்போது திடீரென்று ஓடினால் விரல் போகும்.

இந்த வகை நாள் முழுக்க ஓடுவதற்குச் செய்ததல்ல. அரை மணி நேரம் தொடர்ந்து ஓடினால் கால் மணி நேரம் ஓய்வு என்று கணக்கு வைக்கலாம். சித்திரை, வைகாசியில் தகரக் கொட்டகைக்குள் வேலை செய்தால் அரை மணி நேரம்கூடத் தாங்காது. சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, ஃபேன் காற்று படும்படி, தரை மட்டத்தில் வையுங்கள். தரையின் காற்றுதான் குளிர்ச்சி. வழக்கமாக வெட்டாத மெஷின் புதிதாக வெட்ட ஆரம்பித்தால், அது அளவுக்கு மீறி ஓடுகிறது என்று பொருள். காரணம் 4-ஆவது அல்லது 6-ஆவது கேள்வியில் இருக்கும்.

3. நிமிஷத்துக்கு ரெண்டு தடவை ஆன் ஆகி ஆஃப் ஆகுது. பழுதா?

அடிக்கும்போது அப்படி என்றால் பழுது அல்ல. 3 லிட்டர் டேங்க் 4 பாரிலிருந்து 3 பாருக்கு இறங்கும்போது கிடைப்பது சாதாரணக் காற்றாகக் கணக்கிட்டால் வெறும் 3 லிட்டர். ஏர்பிரஷ் நிமிடத்துக்கு 10 லிட்டர் குடிக்கிறது என்று வைத்துக்கொண்டால் 18 வினாடியில் தீர்ந்துவிடும். 0.2 மி.மீ. நாசில் கொஞ்சம் குறைவாகக் குடிக்கும், 0.5 மி.மீ. அதிகமாகக் குடிக்கும். ஆக, அடிக்கும்போது அடிக்கடி எடுப்பது இயல்பு. அடிக்காமல் இருக்கும்போது எடுத்தால்தான் கவலை.

4. பிரஷ்ஷைக் கீழ வெச்சுட்டாலும் கொஞ்ச நேரத்துக்கு ஒரு தடவை ஓடுது. லீக்கை எப்படிக் கண்டுபிடிக்கிறது?

மேலே சொன்ன கணக்கை இங்கேயும் போடலாம். டேங்க் நிரம்பி நின்றதிலிருந்து மறுபடி எடுக்கும் வரை கடிகாரத்தைப் பாருங்கள். 5 நிமிடத்தில் எடுத்தால் 3 லிட்டர் காற்று 5 நிமிடத்தில் போகிறது, அதாவது நிமிடத்துக்கு 600 மில்லி. தேடிப் பிடிக்க வேண்டிய கசிவு. ஒரு மணி நேரம் தாங்கினால் விட்டுவிடலாம். வேலை முடித்ததும் பிளக்கைப் பிடுங்கினால் போதும்.

தேடுவதற்குப் பாத்திரம் தேய்க்கும் திரவத்தைத் தண்ணீரில் கெட்டியாகக் கலந்து, பழைய பெயிண்ட் பிரஷ்ஷால் தடவுங்கள். மின்பாகங்களின் மேல் படக் கூடாது. பிளக் பிடுங்கியிருக்க வேண்டும். வரிசை இப்படி: முதலில், பிரஷ்ஷுக்குப் போகும் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் ரெகுலேட்டரின் குமிழை முழுவதும் தளர்த்தி மூடுங்கள். கசிவு நின்றால் குற்றவாளி ரெகுலேட்டருக்கு அப்புறம், அதாவது ஹோஸ், ஹோஸின் இரு முனைகள், அல்லது ஏர்பிரஷ்ஷின் காற்று வால்வு. ஏர்பிரஷ்ஷைத் தண்ணீர்க் கிண்ணத்தில் மூக்கு மட்டும் முங்கும்படி பிடித்தால் வால்வு கசிவதைக் குமிழி காட்டிவிடும். மூடிய பின்னும் கசிந்தால் டேங்க் பக்கம்: அடித் திருகு, மீட்டரின் மரை, பிரஷர் ஸ்விட்சின் மரை, சேஃப்டி வால்வு, காற்றிலுள்ள தண்ணீரைப் பிடிக்கும் வாட்டர் ட்ராப் கிண்ணத்தின் ஓ-ரிங் (ரப்பர் வளையம்).

மரைக் கசிவுக்குப் பழைய டெஃப்லான் டேப்பைச் சுத்தமாக எடுத்துவிட்டு, மரையின் முதல் ஒரு சுற்றை விட்டு, மூன்று நான்கு சுற்று, இறுக்கும் திசையிலேயே சுற்றுங்கள். எதிர்த்திசையில் சுற்றினால் இறுக்கும்போது டேப் சுருண்டு வெளியே வந்துவிடும். ஏர்பிரஷ்ஷில் மாட்டும் முனைக்கு டேப் வேண்டாம். அங்கே உள்ளே ஒரு ரப்பர் வளையம் இருக்கிறது, கையால் இறுக்கினாலே அது அடைக்கும். எங்கே தடவியும் குமிழி இல்லை, காற்று மட்டும் குறைகிறது என்றால் அது வெளியே போகவில்லை. பிஸ்டனுக்கு மேலுள்ள ஹெட் வழியாகத் திரும்பிப் போகிறது. அது அடுத்த கேள்வி.

5. ‘ம்ம்ம்’னு முனகுது, ஆனா சுத்த மாட்டேங்குது. மோட்டார் எரிஞ்சுடுச்சா?

எரிந்த வாடை வரவில்லை என்றால் அவசரப்பட்டு அந்த முடிவுக்கு வர வேண்டாம். உடனே சுவிட்சை அணையுங்கள். முனகிக்கொண்டே விட்டால்தான் எரியும். பிறகு டேங்கைக் காலி செய்துவிட்டு மறுபடி போடுங்கள்.

காலி டேங்கில் சுலபமாக எடுத்தால் குற்றவாளி நான்-ரிட்டர்ன் வால்வு. ஹெட்டிலிருந்து வரும் குழாய் டேங்கில் சேரும் இடத்தில் இருக்கும். டேங்கில் போன காற்று திரும்பி வராமல் தடுப்பதுதான் அதன் வேலை. அது சரியாக மூடவில்லை என்றால் டேங்கின் 3 பார் காற்று முழுவதும் பிஸ்டன் தலைமேல் உட்கார்ந்துவிடும். இந்தச் சின்ன மோட்டாருக்கு நின்ற நிலையிலிருந்து அதை எதிர்த்துத் தள்ளும் வலு கிடையாது. பல மாடல்களில் மோட்டார் நிற்கும்போது பிரஷர் ஸ்விட்சில் ‘ப்ஸ்’ என்று ஒரு சத்தம் கேட்கும். இடைக் குழாயில் மாட்டிய காற்றை வெளியே விடும் சத்தம் அது. ‘ப்ஸ்’ என்று ஒரு தடவையோடு நிற்காமல் விடாமல் சீறினாலும் நான்-ரிட்டர்ன் வால்வுதான் காரணம். வால்வைக் கழற்றினால் உள்ளே ஒரு சிறு ரப்பர் அல்லது டெஃப்லான் வட்டும் ஸ்பிரிங்கும் இருக்கும். துருத் துகளோ டேப் துண்டோ சிக்கியிருக்கும். துடைத்து மாட்டினாலே பாதி சரியாகும். வட்டில் பள்ளம் விழுந்திருந்தால் வால்வை மாற்றுங்கள்.

காலி டேங்கிலும் முனகினால், பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஃபேன் இறக்கையைக் கையால் சுற்றிப் பாருங்கள். சுற்றவே இல்லை என்றால் பிஸ்டனோ பேரிங்கோ பிடித்திருக்கிறது. லேசாகச் சுற்றினால் கெபாசிட்டர் அல்லது வோல்டேஜ். கெபாசிட்டர் உப்பியிருந்தால் சந்தேகமே வேண்டாம். அதன் மேல் எழுதியிருக்கும் அதே மைக்ரோஃபாரட், அதே அல்லது அதற்கு மேலான வோல்ட் அளவில், மோட்டார் ரன் கெபாசிட்டர் என்று கேட்டு வாங்குங்கள். காயில் கட்டும் கடைகளில் கிடைக்கும். பழையதைத் தொடும் முன் அதன் இரு முனைகளையும் ஒரு குண்டு பல்பின் இரு ஒயர்களால் தொட்டு மிச்சக் கரண்டை இறக்கிவிடுங்கள். பிளக் பிடுங்கிய பிறகும் அது ஷாக் அடிக்கும். வோல்டேஜ் பற்றி 14-ஆவது கேள்வி.

6. ஜோரா ஓடுது, ஆனா முள் 2 பாருக்கு மேல ஏற மாட்டேங்குது.

கசிவு இல்லை என்று 4-ஆவது கேள்வியின்படி உறுதி செய்துகொண்டீர்கள் என்றால் பம்ப் தளர்ந்திருக்கிறது. காலி டேங்க் 4 பாருக்கு ஏற, நல்ல நிலையில் ஒன்றிலிருந்து ஒன்றரை நிமிடம் ஆகும். இரண்டரை நிமிடம் என்றால் தேய்மானம். ஏறவே இல்லை என்றால் ஏதோ உடைந்திருக்கிறது.

முதலில் காற்று இழுக்கும் ஃபில்டரைக் கழற்றிவிட்டு ஓட்டுங்கள். ஏறினால் ஃபில்டர்தான் அடைப்பு. பட்டிப் பொடியும் உப்புத்தாள் தூசியும் பறக்கும் இடத்தில் இது சகஜம். உள்ளே இருக்கும் பஞ்சு வட்டைச் சோப்புத் தண்ணீரில் அலசி, நன்றாகக் காய்ந்த பிறகு மாட்டுங்கள். ஃபில்டர் இல்லாமல் ஓட்டும்போது அந்தத் துளையில் விரலை வைத்துப் பாருங்கள்: இழுக்க மட்டும் வேண்டும். உள்ளே வெளியே என்று மூச்சு விட்டால், காற்றை ஒரு திசையில் மட்டும் விடும் ரீட் வால்வுத் தகடு உடைந்திருக்கிறது, அல்லது அடியில் துகள் சிக்கி மூடாமல் நிற்கிறது. இழுப்பே பலவீனமாக இருந்தால் பிஸ்டன் வாஷர் தேய்ந்திருக்கிறது, அடுத்த கேள்வி.

7. பிஸ்டன் வாஷரை நாமளே மாத்தலாமா?

மாற்றலாம். ஒரு மாலை வேலை. ஹெட்டில் நான்கு ஆலன் திருகுகள் இருக்கும். கழற்றும் முன் ஹெட் எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கிறது என்று மார்க்கரால் ஒரு கோடு போட்டு, போனில் ஒரு படமும் எடுத்துக்கொள்ளுங்கள். ஹெட், அதன் ஓ-ரிங், ரீட் தகடு பதித்த பிளேட், அப்புறம் சிலிண்டர் என்று அடுக்காக வரும். ரீட் தகடு தாள்போல மெல்லியது; வளைந்தால் அது வீண், நிமிர்த்தினாலும் சரியாக மூடாது.

சிலிண்டரை உருவினால் கனெக்டிங் ராடின் தலையில், ஒரு திருகின் அடியில் கிண்ணம்போல மடித்த டெஃப்லான் வாஷர் தெரியும். புதுசு வாங்க சிலிண்டரின் உள்விட்டத்தை வெர்னியரால் அளந்து, பழைய வாஷரையும் கையோடு கொண்டு போங்கள். மாடல் எண்ணை மட்டும் சொல்லி வாங்கினால் ஒரு மி.மீ. வித்தியாசத்தில் வேறு வந்து சேரும். வாஷரின் மடித்த விளிம்பு மேல்நோக்கி, ஹெட் பக்கம் இருக்க வேண்டும். தலைகீழாகப் போட்டால் மோட்டார் சத்தமில்லாமல் அழகாக ஓடும், காற்று மட்டும் வராது. சிலிண்டரின் உள்சுவரில் நகம் மாட்டும் அளவுக்குக் கீறல் இருந்தால் புது வாஷரும் சீக்கிரம் போய்விடும். சிலிண்டரோடு சேர்த்து மாற்றுங்கள். திருகுகளைக் குறுக்குக் குறுக்காக, இரண்டு மூன்று சுற்றில் சமமாக இறுக்குங்கள். ஒரு பக்கத்தை முதலில் முழுதாக இறுக்கினால் ஓ-ரிங் பிதுங்கிவிடும்.

8. உள்ள ரெண்டு சொட்டு தையல் மெஷின் ஆயில் விட்டா நல்லா ஓடும்னு சொல்றாங்களே?

வேண்டாம். டெஃப்லான் வாஷர் உலர்ந்து ஓடவே செய்தது. எண்ணெய் விட்டால் தேய்மானப் பொடியோடு குழைந்து பசையாகி ரீட் தகட்டில் ஒட்டும். மிச்சம் ஹோஸ் வழியாக வந்து பெயிண்டில் மீன்கண் மாதிரி வட்ட வட்டமாகப் பள்ளம் போடும். சிலிண்டருக்குள் கொஞ்சம் கருப்புப் பொடி இருப்பது இயல்புதான். உலர்ந்த துணியால் துடைத்தால் போதும்.

9. 25 பி.எஸ்.ஐ. வெச்சேன், ட்ரிகரை அமுக்கினதும் 15க்கு இறங்குது. ரெகுலேட்டர் போச்சா?

காற்று ஓடாமல் நிற்கும்போது காட்டும் எண்ணும், ஓடும்போது காட்டும் எண்ணும் எப்போதும் ஒன்றாக இருக்காது. ட்ரிகரை அமுக்கிப் பிடித்துக்கொண்டே குமிழைத் திருப்பி, வேண்டிய அழுத்தத்தை வையுங்கள். நான்கைந்து பி.எஸ்.ஐ. (1 பார் என்பது சுமார் 14.5 பி.எஸ்.ஐ.) இறங்குவது சாதாரணம்.

பத்து இறங்கினால் வழியில் எங்கோ நெருக்கல் இருக்கிறது: மடிந்த ஹோஸ், டேப் துண்டு அடைத்த முனை, அழுக்கேறிய வாட்டர் ட்ராப் ஃபில்டர். அமுக்கியதும் இறங்கி, மேலும் மேலும் இறங்கிக்கொண்டே போனால் ரெகுலேட்டர் அல்ல, டேங்க் காலியாகிறது, 6-ஆவது கேள்வி. குமிழின் அடியிலிருந்து இடைவிடாமல் மெல்லச் சீறினால் மட்டும் ரெகுலேட்டர் உள்ளே இருக்கும் ரப்பர்த் தகட்டில் தூசியோ கிழிசலோ. இந்த ரெகுலேட்டர்களைத் திறந்து பழுது பார்ப்பதைவிட வேறு வாங்கி மாட்டுவதே மேல்.

10. வண்ணம் அடிச்சுட்டு இருக்கும்போது தண்ணியைத் துப்புது. வாட்டர் ட்ராப் இருந்தும் ஏன்?

மழைக்காலத்தில் ஒரு கன மீட்டர் காற்றில் 17, 18 கிராம் தண்ணீர் ஆவியாக இருக்கும். நிமிடத்துக்கு 10 லிட்டர் வீதம் ஒரு மணி நேரம் அடித்தால் 600 லிட்டர் காற்று, அதாவது சுமார் 10 கிராம் தண்ணீர் உள்ளே போகிறது. காற்றை ஐந்தில் ஒரு பங்காக நெருக்கிய பிறகு அது பிடித்து வைக்கக்கூடியது 2 கிராம்தான். மீதி 8 கிராம், ஒன்றரை டீஸ்பூன், எங்காவது சொட்டியே ஆக வேண்டும்.

எங்கே சொட்டும் என்பதுதான் விஷயம். ஹெட்டிலிருந்து காற்று சூடாக வருகிறது. சூடாக இருக்கும்வரை தண்ணீர் ஆவியாகவே ட்ராப்பைக் கடந்து போய், ஹோஸில் ஆறிய பிறகு துளியாகும். டேங்க் இல்லாத மாடலில் இது மோசம். அதனால் ஹோஸ் 3 மீட்டராவது இருக்கட்டும், ஏர்பிரஷ்ஷின் அடியில் மாட்டும் கட்டைவிரல் அளவு இரண்டாவது ட்ராப் ஒன்று போடுங்கள். கம்ப்ரஸரில் இருக்கும் ட்ராப் செங்குத்தாக நிற்க வேண்டும். சாய்ந்தால் வேலை செய்யாது. டேங்க் அடித் திருகை வேலை முடிந்த ஒவ்வொரு நாளும் திறந்து வடியுங்கள். அழுத்தம் ஒரு பாருக்குக் கீழே இறங்கிய பிறகு திறந்தால் துருத்தண்ணீர் சுவரெல்லாம் தெறிக்காது.

11. சேலத்துல நல்லா இருந்துச்சு. ஏற்காட்டுக்குக் கொண்டு போனதும் காத்து பத்தலை. ஏத்தும்போது குலுங்கி ஏதாச்சும் ஆயிடுச்சா?

20 கொண்டை ஊசி வளைவில் குலுங்கி மரை தளர வாய்ப்பு உண்டு. 4-ஆவது கேள்வியின் சோப்பு சோதனையை ஒரு முறை செய்துவிடுங்கள். அதில் ஒன்றும் தெரியாவிட்டால் காரணம் உயரம்.

சேலம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர், ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். கீழே காற்றழுத்தம் 0.98 பார் அளவில் இருந்தால் மேலே 0.85 தான். பிஸ்டன் ஒவ்வொரு அடிக்கும் இழுப்பது அதே கொள்ளளவு. அதற்குள் இருக்கும் காற்று 13 சதவீதம் குறைவு. மலையின் குளிர் காற்றைக் கொஞ்சம் நெருக்கி வைப்பதால் அதில் ஒரு பகுதி ஈடாகும், முழுதும் ஆகாது. அத்தோடு மீட்டரும் பிரஷர் ஸ்விட்சும் வெளிக்காற்றோடு ஒப்பிட்டுத்தான் அளக்கின்றன. 4 பார் காட்ட, சேலத்தில் காற்றை 5 மடங்கு நெருக்கினால் போதும், ஏற்காட்டில் 5.7 மடங்கு. வாஷர் புதிதாக இருந்தால் டேங்க் நிரம்பச் சில வினாடி கூடும், அவ்வளவுதான். ஏற்கெனவே தேய்ந்த வாஷர் என்றால் சேலத்தில் தட்டுத்தடுமாறி 4 பார் தொட்டது, மலைமேல் மூன்றே முக்காலிலேயே நின்று, ஸ்விட்ச் வெட்டாமல், மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும். அப்படி என்றால் 7-ஆவது கேள்வி. தற்காலிகமாகச் சமாளிக்க ஸ்விட்சின் மேல் திருகைச் சிறிது தளர்த்தி 3.5 பாரில் வெட்டும்படி வைக்கலாம். ஏர்பிரஷ்ஷுக்கு 15 முதல் 30 பி.எஸ்.ஐ. வரை, அதாவது 2 பார் அளவே போதும் என்பதால் வேலை கெடாது. மாறாக, அந்தத் திருகை இறுக்கி 4 பாருக்கு மேல் ஏற்ற வேண்டாம்.

12. ஏற்காட்டுல லாக்கர் அடிச்சா வெள்ளையா பூக்குது. இதுவும் கம்ப்ரஸர் தண்ணிதானே?

இல்லை. ட்ராப்பைத் தாண்டி வரும் தண்ணீர் புள்ளி புள்ளியாகத் தெறிக்கும். அடித்த இடம் முழுவதும் பால் ஊற்றியதுபோல மங்கினால் அது பனிமூட்டத்தின் வேலை: தின்னர் வேகமாக ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து, சுற்றியுள்ள ஈரம் அதன்மேல் படிகிறது. கம்ப்ரஸரை மாற்றினாலும் போகாது. மெதுவாக உலரும் ரிட்டார்டர் தின்னரை 5 முதல் 10 சதவீதம் சேருங்கள், அல்லது மூட்டம் விலகிய நண்பகலில் அடியுங்கள். வெளுத்த இடத்தில் ரிட்டார்டரை மட்டும் மெலிதாக ஒரு கோட் தூவினால் பெரும்பாலும் தெளிந்துவிடும்.

13. புது ஹோஸ் வாங்கினேன், ரெண்டு சுத்து போய் மாட்டிக்குது. மரை ஒத்துக்கலை.

வலுக்கட்டாயமாகத் திருகாதீர்கள், பித்தளை மரை ஒரு தடவையில் போய்விடும். இந்தக் கம்ப்ரஸர்களும் பெரும்பாலான ஏர்பிரஷ்களும் ‘எட்டில் ஒன்று பி.எஸ்.பி.’ மரை: வெளிவிட்டம் சுமார் 9.7 மி.மீ., அங்குலத்துக்கு 28 மரை. நியூமேட்டிக் கடைகளில் சாதாரணமாகக் கிடைப்பது ‘கால் பி.எஸ்.பி.’: 13.2 மி.மீ., 19 மரை. இரண்டையும் இணைக்கும் பித்தளை அடாப்டர் விசைத்தறி, ஜவ்வரிசி ஆலைகளுக்குச் சாமான் விற்கும் கடைகளிலேயே இருக்கும். அமெரிக்க என்.பி.டி. எட்டில் ஒன்று 27 மரை. இரண்டு சுற்று சுகமாகப் போய்ப் பிடித்துக்கொள்வது இதுதான். பேட்ஜர் ஏர்பிரஷ் என்றால் அதற்கு மெல்லிய தனி மரை, தனி அடாப்டர்.

14. லோ வோல்டேஜ்ல ஓட்டலாமா? இன்வர்ட்டர்ல?

மோட்டார் எடுக்கும் அந்த நொடியில் பிளக் பாயின்டில் 200 வோல்ட்டாவது இருக்க வேண்டும். அதற்குக் கீழே முனகும், சூடேறும், 2-ஆவது கேள்வியில் சொன்ன பாதுகாப்பு வெட்டும். சுவர் பாயின்டில் 220 இருந்தும் கம்ப்ரஸர் முனகினால் நீளமான மெல்லிய எக்ஸ்டென்ஷன் ஒயரைச் சந்தேகப்படுங்கள். ஒயரை நீட்டுவதற்குப் பதில் காற்று ஹோஸை நீட்டுங்கள்.

சைன் வேவ் இன்வர்ட்டர் என்றால் ஓட்டலாம், வீட்டு ஃபேன் லைட்டைக் குறைத்துவிட்டு. ஓடும்போது 150 வாட் அளவில் இழுத்தாலும் எடுக்கும்போது அதைப்போல் நாலைந்து மடங்கு ஒரு கணம் கேட்கும். பழைய ஸ்கொயர் வேவ் இன்வர்ட்டரில் மோட்டார் கரகரவென்று சூடாகும், வேண்டாம்.

15. அண்ணன் அமெரிக்காவுல இருந்து ஒண்ணு அனுப்பியிருக்காரு, 110 வோல்ட்டாம். பிளக்கை மாத்தினா போதுங்களா?

போதாது, நேராகப் போட்டால் சில வினாடியில் வைண்டிங் புகையும். 230-ஐ 110 ஆக்கும் ட்ரான்ஸ்ஃபார்மர் போட்டாலும் பாதி பிரச்சினைதான் தீரும். அங்கே மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், இங்கே 50. மோட்டார் ஆறில் ஒரு பங்கு வேகம் குறைந்து சுற்றும், காற்றும் அதற்கேற்பக் குறையும், சூடு கூடும். 500 வி.ஏ. ட்ரான்ஸ்ஃபார்மருக்குப் போகும் காசைப் புதிய கம்ப்ரஸரில் போடலாம். அதன் ரெகுலேட்டர், ஹோஸ், மீட்டர் எல்லாம் உதிரியாகப் பயன்படும். மரையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

16. டேங்க்ல ஊசி அளவு ஓட்டை. வெல்டிங் வெச்சுடலாமா, இல்ல எம்-சீல் போதுமா?

இரண்டும் வேண்டாம். வெளியே ஒரு ஓட்டை தெரிகிறது என்றால் உள்ளே அந்தச் சுற்று வட்டாரமே துருப்பிடித்து மெலிந்திருக்கும். வெல்டிங் பக்கத்துத் தகட்டை இன்னும் பலவீனமாக்கும். டேங்கை எடைக்குப் போட்டுவிடுங்கள். பம்ப் நன்றாக இருந்தால் டேங்க் மட்டும் மாற்றலாம். அதற்குப் பதிலாகப் பி.வி.சி. குழாய், சமையல் கேஸ் சிலிண்டர், காலாவதியான தீயணைப்பான் என்று எதையும் வைக்காதீர்கள். பி.வி.சி. வெடித்தால் கத்திபோலச் சிதறும். எக்ஸ்ரேயில் அந்தத் துண்டு தெரிவதும் கஷ்டம்.

17. ராத்திரி சத்தம் கேக்குதுன்னு மரப்பெட்டிக்குள்ள வெச்சு மூடலாமா?

மூடினால் 2-ஆவது கேள்விக்குத் திரும்பி வருவீர்கள். சத்தத்தில் பாதி தரை வழியாகப் பரவும் அதிர்வு. தடித்த ரப்பர் மேட்டின்மேல் வையுங்கள், சுவரில் முட்டாமல். பக்கத்து அறையில் வைத்து ஹோஸை நீட்டுவது இன்னும் நல்லது. தின்னர் கலந்த பெயிண்ட் அடிப்பவர்களுக்கு இதில் வேறொரு காரணமும் உண்டு: பிரஷர் ஸ்விட்ச் ஒவ்வொரு முறை வெட்டும்போதும் உள்ளே பொறி வரும். தின்னர் ஆவி தேங்கும் மூலையில் அது நிற்கக் கூடாது.

18. சரி, ரிப்பேர் பண்றதா, புதுசு வாங்குறதா?

வாஷர், நான்-ரிட்டர்ன் வால்வு, கெபாசிட்டர், ஸ்விட்ச், ரெகுலேட்டர்: இவற்றில் எது போயிருந்தாலும் ரிப்பேர். வைண்டிங் எரிந்தால் புதுசு. இவ்வளவு சின்ன மோட்டாருக்குக் காயில் கட்டும் கூலி கட்டுப்படியாகாது. டேங்க் துருவும் சிலிண்டர்க் கீறலும் சேர்ந்து வந்தாலும் புதுசு. இடைப்பட்ட நிலையில், செலவு புது விலையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் நிறுத்திவிடுங்கள்.

வாங்கும்போது டேங்க் உள்ளதாக வாங்குங்கள். மோட்டார் தகட்டில் 220–240 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் என்று இருக்கிறதா, வாஷர் தனியாகக் கிடைக்குமா என்று பாருங்கள். கடையிலேயே ஓட்டி, காலியிலிருந்து 4 பாருக்கு எத்தனை வினாடி என்று குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் சந்தேகம் வரும்போது ஒப்பிட அந்த ஒரு எண் போதும். ஏர்பிரஷ்ஷின் அடியிலேயே திருகும் சார்ஜ் கம்ப்ரஸர் பெரும்பாலும் 20, 25 பி.எஸ்.ஐ. வரைதான் தரும். நகம், கேக், நீர்த்த மை ஆகியவற்றுக்குச் சரி. பிரைமருக்கும் மெட்டாலிக்குக்கும் திணறும்.

19. இதுலயே 1.4 ஸ்ப்ரே கன்னை மாட்டி பைக் முழுசா அடிச்சுடலாமா? முடியாட்டி என்ன வாங்க?

முடியாது. அந்த கன் நிமிடத்துக்கு 100 லிட்டருக்கு மேல் கேட்கும். இது தருவது 20-ஐ ஒட்டி. 24 லிட்டர் எண்ணெயில்லா வகை சின்ன பேனல்களுக்குச் சமாளிக்கும், சத்தம் மட்டும் தெருவுக்கே கேட்கும். பஞ்சர் கடை பெல்ட் வகை காற்று தாராளம். எண்ணெய் கலந்து வருவதால் நல்ல ஆயில் ஃபில்டர் கட்டாயம். கேக் அடிப்பவர்கள் எண்ணெயில்லா வகையை விட்டு நகர வேண்டாம். கம்ப்ரஸரைப் பெயிண்டுக்கும் கேக்குக்கும் பொதுவாக வைக்கலாம். ஏர்பிரஷ்ஷும் ஹோஸும் தனித்தனி.

20. பழைய ஃபிரிட்ஜ் கம்ப்ரஸரை வெச்சு சத்தமே இல்லாம பண்றாங்களே, நாமளும் பண்ணலாமா?

சத்தமில்லாமல் ஓடும் என்பது உண்மை. ஆனால் அது தானாக நிற்காது. வெளிவழி அடைபட்டால் டேங்க் தாங்கும் அளவையும் மீறி அழுத்தம் ஏற்றிக்கொண்டே போகும். எனவே சோதித்த டேங்க், பிரஷர் ஸ்விட்ச், ஸ்விட்சுக்குச் சற்று மேலே திறக்கும் சேஃப்டி வால்வு மூன்றும் இல்லாமல் ஒரு முறைகூட ஓட்டிப் பார்க்கக் கூடாது. அழுத்தத்தை எதிர்த்துத் தொடங்க அதனாலும் முடியாது. 5-ஆவது கேள்வியின் நான்-ரிட்டர்ன் வால்வும், நிற்கும்போது இடைக்காற்றை விடும் ஏற்பாடும் இதற்கும் வேண்டும். உள்ளே எண்ணெய் இருப்பதால் ஃபில்டரும்.

புதிய ஃபிரிட்ஜ்களில் பல ஆர்.600ஏ வாயுவில் ஓடுபவை. அது ஐசோபியூட்டேன், தீப்பற்றும். லேபிளைப் பார்க்காமல் குழாயை வெட்டவோ டார்ச் காட்டவோ வேண்டாம். ஃபிரிட்ஜ் மெக்கானிக்கிடம் கொடுத்துப் பிரித்து வாங்குங்கள். இத்தனையையும் காசு கொடுத்து வாங்கிச் சேர்த்தால் செலவு புதிய ஏ.எஸ்.186-ஐத் தொட்டுவிடும். இரவு வேலையே அதிகம், மெக்கானிக் வேலையும் தெரியும் என்பவர்கள் மட்டும் இதில் இறங்கலாம்.